கடைசியில் வருகிறவருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர்

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மாரத்தான் பேனர் தொங்குகிறது. ரத்ததானத்துக்கு ஒன்று, புற்றுநோய் விழிப்புணர்வுக்கு ஒன்று, பிளாஸ்டிக் ஒழிப்புக்கு ஒன்று. ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும் அதற்குப் பெயர் மாரத்தான்தான். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-ல் அதையே நிலையான தூரமாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் இந்தப் பெயர்க் குழப்பத்துக்காக நான் சண்டைக்குப் போவதில்லை. நாலு பேர் காலையில் எழுந்து ஓடினால் நல்லதுதானே என்று விட்டுவிடுவேன்.

விட முடியாத விஷயம் ஒன்று உண்டு. அதைத்தான் இன்று எழுதப்போகிறேன். ஓர் ஓட்டப் போட்டி ஒழுங்காக நடந்ததா என்று தெரிந்துகொள்ள, முதல் பரிசு வாங்கியவரைக் கேட்டுப் பயனில்லை. அவருக்கு எல்லாமே கிடைத்திருக்கும். கடைசியில் வந்தவரைக் கேட்க வேண்டும். ஏற்பாட்டில் எந்த ஓட்டை இருந்தாலும் அது முதலில் வந்து விழுவது அவர் தலையில்தான்.

நான் ஓட ஆரம்பித்ததே பணி ஓய்வுக்குப் பிறகுதான். வங்கியில் 36 வருடம் குப்பை கொட்டி முடித்த சமயம், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். நடக்கத் தொடங்கினேன். நடை மெல்ல ஓட்டமானது. இப்போது வயது 67. பத்து கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் முடிப்பேன். பரிசு வாங்கும் வேகம் இல்லை, ஆனால் என் வயதுக்கு அது போதும். "வயசான காலத்துல எதுக்குய்யா இந்த ஓட்டம்?" என்று கேட்பவர்களுக்கு என் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்டிவிடுவேன்.

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் எங்கள் பகுதியில் நடந்த ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். நடத்தியவர்கள் யார் என்று எழுதப் போவதில்லை. இது ஒருவரைப் பற்றிய புகார் அல்ல. பல ஊர்களில் நடப்பதன் ஒரு மாதிரி. கட்டணம் 600 ரூபாய். டீ-ஷர்ட், மெடல், சான்றிதழ், சிற்றுண்டி உண்டு, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை, 60 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தனிப் பிரிவு, சரியாக 5.30-க்கு ஓட்டம் தொடங்கும். துண்டறிக்கையில் இவ்வளவும் அழகாக அச்சிட்டிருந்தது.

4.45-க்கே போய்விட்டேன். மேடை, சீரியல் விளக்கு, காது கிழிகிற பாட்டு, தலைக்கு மேல் ட்ரோன். 5.30 ஆனது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. "இதோ வந்துகொண்டே இருக்கிறார்" என்று ஒலிபெருக்கியில் நாலு தடவை சொன்னார்கள். 6.10-க்கு வந்தார். பொன்னாடை, நினைவுப் பரிசு, உரை, உறுதிமொழி. கொடியசைத்தபோது மணி 6.25. கிழக்கே சூரியன் எழுந்துவிட்டது.

ஐம்பத்தைந்து நிமிடத் தாமதம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். கல்யாண வரவேற்பில் பெரிய விஷயமில்லை. நம் ஊர் வெயிலில் ஓடுகிறவனுக்குப் பெரிய விஷயம்தான். சென்னையில் ஜனவரி மாதம் நடக்கிற முழு மாரத்தானை நேப்பியர் பாலத்திலிருந்து அதிகாலை நான்கு மணிக்கே தொடங்குகிறார்கள். குளிர்காலத்திலேயே அப்படி என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. வேகமாக ஓடுகிற இளைஞன் நாற்பது நிமிடத்தில் பத்து கிலோமீட்டரை முடித்துவிடுவான். 6.25-க்குக் கிளம்பினாலும் 7.05-க்கு நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவான். என்னைப் போன்றவர்களுக்கும், முதல் தடவை ஓட வந்த குடும்பப் பெண்களுக்கும் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். விருந்தினரின் தாமதத்தை வெயிலாக அனுபவித்தவர்கள் நாங்கள்தான்.

அடுத்தது தண்ணீர். இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று என்று சொன்ன மேசை, மூன்றாவது கிலோமீட்டரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கல்லூரிப் பிள்ளைகள் இருவர் கடைசிக் கேனைச் சாய்த்துப் பிடித்து வடித்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது கேன் காலி. "தாத்தா, ஆறு கேன்தான் கொடுத்தாங்க. போன் பண்றோம், எடுக்க மாட்டேங்கறாங்க" என்றாள் அந்தப் பெண். அவள் முகம் அழாத குறைதான். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அதிகாலை நான்கு மணிக்கு வந்து நின்றவர்களுக்குக் காலை டிபன்கூட வந்திருக்கவில்லை.

ஓடிக்கொண்டே கணக்குப் போடுவது என் பழைய தொழில் புத்தி. பத்து கிலோமீட்டருக்கு மட்டும் 1,500 பேர் என்று மேடையில் அறிவித்தார்கள். போகும்போது ஒரு தம்ளர், திரும்பும்போது ஒரு தம்ளர், தம்ளருக்கு 150 மில்லி என்றால் 450 லிட்டர் வேண்டும். இருபது லிட்டர் கேனில் 23. வைத்தது ஆறு. 120 லிட்டரில் 800 தம்ளர்தான் வரும். போகிற வழியிலேயே முதல் எண்ணூறு பேரோடு அது தீர்ந்துவிடும். மீதி 700 பேருக்குப் போகும்போதும் கிடையாது, வரும்போதும் கிடையாது. குறைந்த கேன்கள் 17. கேனுக்கு 40 ரூபாய் என்று வைத்தால் 680 ரூபாய். ஒரே ஒருவர் கட்டிய கட்டணத்தைவிட எண்பது ரூபாய் அதிகம்! வசூலானதோ 1,500 பேரிடம் 600 வீதம் ஒன்பது லட்சம். விளம்பரதாரர்கள் கொடுத்தது தனி.

மூன்றாவது கோளாறுதான் எல்லாவற்றையும்விட விசேஷம். ஓட்டப் பாதை ஒரே சாலையில் போய்த் திரும்புவது. "பெட்ரோல் பங்க்கில் திரும்ப வேண்டும்" என்று அறிவிப்பு. அந்தச் சாலையில் இரண்டு பெட்ரோல் பங்க் இருக்கின்றன. முன்னால் மோட்டார் சைக்கிளில் வழிகாட்டியவர் முதல் பங்க்கில் திரும்பினார். அவர் பின்னால் போன வேகக்காரர்களும் அங்கேயே திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு ஆட்டோவில் வந்து இறங்கிய இரண்டு பையன்கள், அடுத்த பங்க்கில் கூம்பை வைத்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்த எங்களை அதுவரை அனுப்பிவிட்டார்கள். என் கைக்கடிகாரம் கடைசியில் 11.3 கிலோமீட்டர் காட்டியது. கடிகாரம் நூறு மீட்டர் முன்னே பின்னே காட்டும் என்பது எனக்கும் தெரியும். 1,300 மீட்டர் தவறு செய்யாது. மறுநாள் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். இரண்டு பங்க்குக்கும் நடுவே அறுநூறுக்கு மேல், எழுநூறுக்குள். போக வர இரண்டு மடங்கு. கணக்கு சரியாக இருந்தது.

ஆகவே வேகமானவர்கள் பத்து ஓடினார்கள், மெதுவானவர்கள் பதினொன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக ஓடினோம். தண்ணீர் கிடைத்தவர்களுக்குத் தூரம் குறைவு. தண்ணீர் கிடைக்காதவர்களுக்குத் தூரம் அதிகம்.

திரும்பி வரும் வழியில் எனக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். ஓட்டம் தள்ளாட்டமானது. ஒரு டீக்கடை முன்னால் நின்றார். நின்றவர் அப்படியே சரிந்தார். நானும் கடைக்காரரும் பிடித்து பெஞ்சில் படுக்க வைத்தோம். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கடைக்காரரின் மனைவி டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு தலையிலும் மார்பிலும் ஊற்றினார். நான் என் பனியனைக் கழற்றி விசிறினேன். எண் அட்டையில் அவசரத் தொலைபேசி எண் அச்சிட்டிருந்தது. மூன்று முறை அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு 108-ஐ அழைத்தோம். கால் மணி நேரத்தில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். போட்டிக்கென்று ஏற்பாடு செய்திருந்த ஆம்புலன்ஸ் மேடைக்குப் பின்னால் நின்றதாம். விருந்தினர்களின் கார்கள் அதன் முன்னால் நின்றதால் வெளியே வர வழியில்லை. மனிதர் பிழைத்தார், மாலையே வீடு திரும்பினார் என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கடைக்காரர் அதற்குள் வழியில் போன முப்பது பேருக்காவது டிரம்மிலிருந்து தண்ணீர் கொடுத்திருப்பார். காசு வாங்கவில்லை. என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன் ஐயா, காசு கட்டியா இந்தப் பாடு?"

எட்டு மணி கடந்து முடிவுக்கோட்டுக்கு நடந்தே போனேன். அங்கே இன்னொரு கூத்து. மெடல் கொடுக்கும் மேசையைக் கோட்டுக்குப் பத்தடி தள்ளியே போட்டிருந்தார்கள். அதனால் ஓடி முடித்தவர்கள் எல்லோரும் அசையாமல் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. நீண்ட ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தம் கால்களில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும், தலை சுற்றும். அதனால்தான் முடித்தபின் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக நடக்கச் சொல்கிறார்கள். நல்ல போட்டிகளில் கோட்டுக்குப் பிறகு நடப்பதற்கென்று நீளமாக வழி விட்டு, தண்ணீரை முதலிலும் மெடலைக் கடைசியிலும் வைப்பார்கள். இங்கே நான் பார்க்கவே இரண்டு பெண்கள் மயங்கி உட்கார்ந்தார்கள். மெடலும் எங்கள் முறை வந்தபோது தீர்ந்துவிட்டது. சான்றிதழ் கிடைத்தது, நேரம் எழுத வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

ஒரு வாரம் கழித்து அமைப்பாளர்களில் ஒருவரிடம் போனில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். "சார், இது ஒரு நல்ல காரியத்துக்காகப் பண்றோம். உங்களை மாதிரி பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணணுமே தவிர, குறை சொல்லலாமா?"

இந்த வாக்கியத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல காரியம் என்ற போர்வைக்குள் எதையும் மறைக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஆரோக்கிய விழிப்புணர்வுக்கு என்று ஓட்டம் வைத்துவிட்டு, ஓடவந்தவரை மயங்கி விழ வைத்தால் அது எந்த வகை விழிப்புணர்வு? கட்டணம் வாங்கிய கணமே அது தர்மகாரியம் என்பதோடு ஓர் ஒப்பந்தமும் ஆகிவிடுகிறது. சொன்ன நேரம், சொன்ன தூரம், சொன்ன தண்ணீர் இந்த மூன்றும் அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள்.

"சின்ன ஊர் சார், அனுபவம் போதாது" என்றும் சொன்னார். இதையும் ஏற்க மாட்டேன். கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பதில் நமக்கா அனுபவம் போதாது? சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வரும் லட்சக்கணக்கான ஜனங்களுக்குத் தெருத்தெருவாகப் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுக்கிறவர்கள் நம் மக்கள். பங்குனி, சித்திரை மாத வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் வழக்கம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் பாயசம் இல்லை என்றால் பத்து வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். அதனால்தான் சமையல்காரர் முதல் பந்தியைப் பார்த்து உலை வைப்பதில்லை, கடைசிப் பந்தியைக் கணக்கிட்டு வைக்கிறார். அந்தச் சமையல்காரரின் அறிவு ஓட்டப் போட்டிக்கும் போதும்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு, நம் ஊரில்தான் இப்படி என்று புலம்புகிற ஆள் நான் அல்ல. 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தான் ஒரு கொடுமைக் கதை. ஆகஸ்ட் மாத வெயிலில், புழுதிச் சாலையில், பிற்பகலில் ஓடவிட்டார்கள். தண்ணீர் ஓரிரு இடங்களில் மட்டும். 32 பேர் கிளம்பியதில் முடித்தவர்கள் 14 பேர்தான். முதலில் வந்தவராக அறிவிக்க இருந்தவர் பாதி வழியில் காரில் ஏறி வந்தவர் என்று தெரிந்தது. உண்மையில் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் உதவியாளர்கள் ஸ்டிரிக்னின் என்ற விஷமருந்தும் பிராந்தியும் கொடுத்தார்கள். கேட்ட தண்ணீரை மட்டும் கொடுக்கவில்லை.

நூறு வருடம் கழித்தும் பாடம் முழுதாக ஏறவில்லை. 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தான் நடந்த அன்று வழக்கத்துக்கு மாறான வெயில். முன்னால் ஓடியவர்களில் பாட்ரிக் இவூட்டியும் ஜவாத் காரிபும் கடைசி அடிவரை போட்டி போட்டு, இரண்டு பேரும் 2 மணி 11 நிமிடம் 11 நொடியில் கோட்டைத் தொட்டார்கள். நூலிழையில் இவூட்டி வென்றார். பின்னால் வந்த ஆயிரக்கணக்கானவர்களோ தண்ணீர் மேசைகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்தார்கள். கடைசியில் ஓட்டத்தையே பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அதே சாலை, அதே நாள். முன்னால் ஓடியவர்களுக்கு ஒரு பந்தயம், பின்னால் ஓடியவர்களுக்கு வேறொன்று.

தூரத் தவறும் அப்படித்தான். 2015-ல் பாங்காக்கில் நடந்த அரை மாரத்தானில் திரும்பும் இடத்தைத் தவறாக வைத்ததால் ஓடியவர்கள் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2013 முதல் 2015 வரை மூன்று வருடம் மாரத்தான் பாதை 380 மீட்டர் குறைவாக இருந்தது. ஆனால் இந்த இரண்டு இடத்திலும் நடந்த தவறு வெளியே சொல்லப்பட்டது. பாங்காக்கில் மன்னிப்புக் கேட்டார்கள். மான்செஸ்டரில் மறுபடி அளந்து உண்மையை அறிவித்தார்கள். "குறை சொல்லலாமா?" என்று யாரும் கேட்கவில்லை.

சாலையைச் சரியாக அளப்பது பெரிய விஞ்ஞானமும் இல்லை. ஒரு சைக்கிள் போதும். முன் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சிறிய எண்ணும் கருவியை மாட்டுவார்கள். இரும்பு நாடாவால் அளந்த ஒரு நேர்ப்பாதையில் சைக்கிளை ஓட்டி, அந்தத் தூரத்துக்கு எத்தனை எண் வருகிறது என்று பார்த்துக்கொள்வார்கள். பிறகு ஓட்டப் பாதை முழுக்க, வளைவுகளில் ஓரத்தை ஒட்டிய மிகக் குறுகிய வழியில் சைக்கிளை ஓட்டி அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டி வைப்பார்கள். பத்து கிலோமீட்டர் என்றால் 10,010 மீட்டர். உலகச் சாதனைகளுக்கான பாதைகளையே இப்படித்தான் அளக்கிறார்கள். நம் ஊரில் அரை நாள் வேலை. திரும்பும் இடத்தைச் சாலையில் பெயிண்ட்டால் குறித்துவிட்டால், எத்தனை பெட்ரோல் பங்க் இருந்தாலும் கவலையில்லை.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் கேள்வி கேளுங்கள். பாதையை யார், எப்படி அளந்தார்கள்? விருந்தினர் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் தொடங்குவீர்களா? தண்ணீர் மேசை எத்தனை, எந்தெந்தக் கிலோமீட்டரில், கடைசி ஆள் கடக்கும்வரை இருக்குமா? ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், டாக்டர் உண்டா? கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் ஒரு வண்டியாவது வருமா? இந்த ஐந்துக்கும் நேரான பதில் வராவிட்டால் அந்த 600 ரூபாய்க்கு நல்ல செருப்போ பழமோ வாங்கிக்கொண்டு, வழக்கமான தெருவிலேயே ஓடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போட்டிக்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில மாத்திரைகள் உடம்பின் நீரையும் உப்பையும் குறைக்கக்கூடியவை. நம்பிக்கை இல்லாத ஓட்டத்துக்குப் போவதானால் இடுப்பில் ஒரு பாட்டிலைக் கட்டிக்கொண்டு போங்கள். தலை சுற்றினால் உடனே நிழலில் உட்காருங்கள். மெடல் நமக்குப் பெரிதில்லை.

நடத்துகிறவர்களுக்கும் ஒரு யோசனை. உங்கள் குழுவில் ஒருவரைக் கட்டாயம் கடைசியில் ஓடச் சொல்லுங்கள். தலைவரே ஓடினால் இன்னும் நல்லது. அவருக்கு எந்த இடத்தில் தாகம் எடுக்கிறதோ அங்கே ஒரு மேசை போடுங்கள். அவர் கோட்டைத் தாண்டும்வரை பந்தலைப் பிரிக்காதீர்கள், மெடல் பெட்டியை மூடாதீர்கள். விருந்தினரை ஆரம்பத்தில் கொடியசைக்க அழைப்பதற்குப் பதிலாகக் கடைசியில் வருகிறவருக்கு மெடல் போட அழையுங்கள். அவர் தாமதமாக வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த வருடமும் அவர்களிடமிருந்து அழைப்பு வந்தது. கட்டணம் 750 ஆகிவிட்டது. மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். நேரான பதில் வந்தால் பணம் கட்டுவேன். எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் இருக்கும் மற்றவர்களும் தனித்தனியாக அதே கேள்விகளை அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள். பென்ஷன்காரர்கள் கடிதம் எழுத ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு இனிமேல்தான் தெரியும்.